கசிவைச் சூழ்ந்த செவ்வட்டம்

விலையில்லா மென்பொருள்களின் விடாப்பிடிக் காவலரும், உரிமச் சாசனங்களைக் கரைத்துக் குடித்தவரும், 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானைக் கடைசி வரிவரை படிக்காமல் ஒருபோதும் அழுத்தியறியாதவரும், பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை தயாரிக்கும் பிரிவின் மூலை மேசையில் வீற்றிருப்பவருமாகிய கட்டற்றாரை வணங்கி, அவர் ஒரு விடுமுறை நாளின் முற்பகலில் ஒரு வட்டம் வரைந்த வரலாற்றைச் சொல்லத் துணிந்தோம். கட்டற்றார் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. யார் எதைப் பற்றிப் பேசினாலும் "அதுக்குக் கட்டற்ற மென்பொருள் ஒண்ணு இருக்கே" என்று அவர் தொடங்கிவிடுவதால் உடன் வேலை செய்பவர்கள் சூட்டிய பட்டம். சூட்டியவர்கள் அவர் வரும் திசைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிக்கொள்வார்கள். வழிவிடுகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

மூச்சிரைக்கும் மடிக்கணினியின் முதுமை எய்திய விசிறியே, எம் நாவில் வந்து அமர்க. அலுவலகத்தார் குப்பை என்று ஒதுக்கிய உடலுக்குள் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உயிராய் ஊதி எழுப்பிய அந்த நாளிலிருந்து நீ சுழன்று வந்திருக்கிறாய், நடந்ததை எல்லாம் நீ கண்டாய், எமக்குச் சொல்வாயாக.

பகைவன் யார் என்று முதலில் கூறுவோம். மேல்வீட்டுக் குளியலறையின் தரைக்கடியில் எங்கோ ஒரு குழாய் வாய்பிளக்க, அதிலிருந்து புறப்பட்ட நீர், சிமெண்டைத் துளைத்து, கம்பியைத் துருவேற்றி, வெள்ளையடித்த கூரையில் பழுப்பு நிறத்தில் ஒரு கண்டத்தின் வரைபடம்போலப் பரந்து, அந்தக் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து சொட்டுச் சொட்டாய்க் கீழே வைத்த வாளியில் வீழ்ந்து, 'டொக்' என்று வீட்டாரின் பொறுமையை அறைந்துகொண்டிருந்தது. பிளம்பர் வந்துவிட்டார். உளியும் சுத்தியலுமாக மேல்வீட்டுக் குளியலறையில் குந்தியிருந்தார். ஆனால் மேல்வீட்டம்மா தன் தரைக்குப் புது டைல்ஸ் பதித்து அதன் பளபளப்புக்கூட இன்னும் மங்கவில்லை. ஒரே ஒரு டைலை உடைக்க மட்டும் அனுமதி தருவதாக அவர் அறிவித்திருந்தார். ஈரம் பரந்து கிடக்கிறது. சொட்டுவதோ ஒரு புள்ளியில். எனவே, கீழிருந்து கூரையைப் படம் பிடித்து, சொட்டும் இடத்தில் வட்டம் போட்டு அனுப்பச் சொன்னார் பிளம்பர். கோரிக்கை அவ்வளவே.

இந்தக் கோரிக்கையை வீட்டுக்குச் சேர்த்தவர் கட்டற்றாரின் மனைவி. மருந்துக் கடையில் பணியிலிருந்தபடி, மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, போனில் அவர் விடுத்த ஆணையில்தான் இந்தக் காவியத்தின் கனம் முழுவதும் தங்கியிருக்கிறது.

"இங்க பாருங்க. போன மாசம் பிரிண்ட் போட்டுத் தரேன்னு சொன்னீங்க, கடைசியில என் விண்ணப்பத்தை நான் கையால எழுதினேன். இந்த ஒரு வட்டத்தையாவது அந்தக் கம்ப்யூட்டர்ல ஒழுங்கா போட்டு அனுப்புங்க. தப்பான டைலை உடைச்சு மேல்வீட்டம்மாகிட்ட நான் பேச்சு வாங்கினேன்னா, சாயங்காலம் தம்பி அதைத் தூக்கிட்டுப் போய், உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சிட்டு, எல்லார் வீட்லயும் இருக்கற மாதிரி போட்டுக் கொண்டு வந்துடுவான். எனக்கும் கடைக் கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்."

கேட்டீர்களா? ஒரு வட்டம், அதன்மேல் ஓர் ஆட்சியின் ஆயுள்.

தம்பி எனப்பட்டவன் அந்நேரம் கூடத்துச் சோபாவில் பள்ளிகொண்டிருந்தான். செல்போன் கடையில் விற்பனையாளன். குமிழி விழாமல் திரைக்கண்ணாடி ஒட்டுவதில் இணையற்றவன். மாதச் சந்தா கட்டும் செயலிகள் எத்தனை உண்டோ அத்தனையையும் புன்னகையோடு தலையில் கட்டுபவன். தன் அக்காவின் குரல் போனிலிருந்து கசிந்ததைக் கேட்டு அவன் கண்ணைத் திறக்காமலே கூறினான்:

"மாமா, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. விரலால ஒரு சுத்து. முடிஞ்சுது."

"மாப்ள, உன் போன்ல இருக்கற அந்த ஆப்புக்குள்ள என்ன ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாது. மூடி வச்சிருக்கான். நான் போடற வட்டத்துக்கு மூலநிரல் இருக்கு. யார் வேணா படிச்சுப் பாக்கலாம்."

"பிளம்பர் படிப்பாரா மாமா?"

இந்தக் கேள்விக்குப் பதிலளிப்பது தம் தகுதிக்குக் குறைவு என்று கருதிய கட்டற்றார், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு குளியலறை புகுந்தார்.

ஸ்டூல் மீதேறி, கூரையை அண்ணாந்து, கைப்பேசியை உயர்த்தி, பகைவனின் முதல் அம்பைத் தம் மூக்குக்கண்ணாடியின் இடது வில்லையில் ஏற்று, அதைத் துடைக்கவும் மனமின்றி அவர் படம் பிடித்த காட்சியை என்னென்று சொல்வோம். இறங்கியதும் ஸ்டூலை அங்கேயே விட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். படம் கைப்பேசியில் இருந்தது. போர் கணினியில் நடக்க வேண்டியிருந்தது. கம்பி தேடவில்லை அவர். கே.டி.இ. கனெக்ட் என்னும் தூதுவன் இருக்க, கம்பி எதற்கு? கைப்பேசியிலும் கணினியிலும் அதை நிறுவி, இரண்டையும் ஒரே வைஃபையில் சேர்த்து, ஒருமுறை கைகுலுக்க வைத்துவிட்டால் போதும்; படங்கள் பறந்து வரும், கணினியில் நகலெடுத்த வாசகத்தைக் கைப்பேசியில் ஒட்டலாம், தொலைந்த கைப்பேசியைக் கணினியிலிருந்தே மணியடிக்க வைத்துச் சோபா இடுக்கில் கண்டெடுக்கலாம். படம் வந்து சேர்ந்தது. காவியத்தில் பிழையின்றி நடந்த கடைசிக் காரியம் இதுவே.

அப்போது திரையில் அணிவகுத்து நின்ற சேனையைச் சிறிது பாடாமல் போனால் பாவம் சேரும். சாலைக் கூம்பைக் கிரீடமாய்ச் சூடிய வி.எல்.சி. அங்கே நின்றான், எந்த வடிவில் படம் தந்தாலும் முகம் சுளிக்காமல் ஓட்டுவான், 'ஈ' விசையை அழுத்த ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துவான், வாயசைவுக்கும் குரலுக்கும் பிணக்கு நேர்ந்தால் 'ஜே', 'கே' விசைகளால் சமாதானம் செய்துவைப்பான். ஒலிப்பதிவின் இரைச்சலை வேரறுக்கும் ஆடாசிட்டி நின்றான். பேச்சில்லாத ஒரு துண்டை முதலில் அவனுக்குக் காட்டி 'இதுதான் இரைச்சல்' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும், அதன்பின் முழுப் பதிவையும் தர வேண்டும், இந்த வரிசை தெரியாதவர்கள்தான் அவனைப் பழிக்கிறார்கள். கடிதமும் கணக்கும் எழுதித் தரும் லிப்ரே ஆபிஸ் என்னும் மூத்த தளபதி நின்றான். பிறருக்கு அனுப்பும் கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் அவன் கட்டிய வரிகள் அடுத்த வீட்டில் கலையா. கடவுச்சொற்களின் கருவூலக் காவலன் கீபாஸ் நின்றான். ஒரே ஒரு தலைமைச் சொல்லை நினைவில் வைத்தால் மற்றவற்றை அவன் சுமப்பான், அந்த ஒன்றை மறந்தாலோ உலகில் எவராலும் மீட்க இயலாது, ஆகையால் கருவூலத்தின் நகலை வேறோரிடத்திலும் வைத்துக்கொள்க.

இச்சேனையின் கடைக்கோடியில், யாரும் கவனிக்காத ஒரு சிறுவீரனும் நின்றான். பெயர் ஃப்ளேம்ஷாட். திரையைப் படம் பிடிப்பது அவன் தொழில். பிடித்த கணமே அம்பு, பெட்டி, வட்டம் என்று பொத்தான்களை நீட்டுவான். வட்டப் பொத்தானை அழுத்தி ஒரு இழு இழுத்தால் செவ்வட்டம் பிறக்கும். கட்டற்றாரின் கணினியில் அவன் நெடுநாளாகக் குடியிருந்தான். கட்டற்றாரே சென்ற வாரம் அலுவலகத்தில் அவனைப் பற்றி, முதுகுகளைப் பார்த்தபடி, விரிவுரை நிகழ்த்தியிருந்தார். ஆனால் மைத்துனன் பார்த்திருக்க, ஒரு சில்லறை ஆயுதத்தை எடுப்பதா? வீரர் கையை உயர்த்தினார். படம் திருத்துவதில் மகாரதனாகிய கிம்ப்பை அழைத்தார்.

கிம்ப் எழுந்தான். எழுவதற்கே அவகாசம் எடுத்துக்கொண்டான். தூரிகைகளை எண்ணினான், எழுத்துருக்களை எண்ணினான், தன் குலச்சின்னமான வாயில் தூரிகை கவ்விய விலங்கைக் காட்டினான், பிறகு நூறு கருவிகளோடு திரையை நிறைத்தான். நூறு கருவிகளில் வட்டம் வரையும் கருவி இல்லை.

இங்கே சற்று நின்று, வாசகருக்கு ஒன்று விளக்க வேண்டும். போர் காத்திருக்கும், ஏனெனில் வீரரும் இதே இடத்தில் திகைத்துத்தான் நின்றார். கட்டற்றார் வைத்திருந்த பதிப்பில் வட்டத்தை நேரே வரைய முடியாது. முதலில் வட்டமாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்தத் தேர்வின் விளிம்பில் கோடிடும்படி ஆணையிட வேண்டும். சுற்றுச்சுவர் கட்ட நினைப்பவர் முதலில் மனையை அளந்து கயிறு கட்டுவதுபோல. நீள்வட்டத் தேர்வுக் கருவிக்கு 'ஈ' விசை. இழுக்கத் தொடங்கிய பின் ஷிஃப்ட்டை அழுத்தினால் நீள்வட்டம் கச்சிதமான வட்டமாகும். தொடங்கும் முன்பே அழுத்தினால் பழைய தேர்வோடு புதியது ஒட்டிக்கொள்ளும்.

கட்டற்றார் முன்பே அழுத்தினார். ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகள் இரண்டு பிறந்தன. மறுபடியும் அழுத்தினார். முட்டைகள் மூன்றாயின. கூரைக் கசிவின்மேல் ஒரு கோழிப்பண்ணை உருவாவதைக் கண்டு, அவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஷிஃப்ட்டைப் பின்னால் அழுத்தி, இறுதியில் முழுநிலவு போன்ற ஒரு வட்டத்தைச் சொட்டும் புள்ளியைச் சுற்றி நிறுத்தினார். அதன் விளிம்பில் கறுப்பும் வெளுப்புமாய்ப் புள்ளிகள் எறும்புச் சேனைபோல ஊர்ந்தன. ஆகா, அந்த எறும்புகளின் அணிவகுப்பில் மயங்கிய வீரர், வட்டம் முடிந்ததெனச் சேமித்தார். எறும்புகள் எல்லைக் காவலர்கள் மட்டுமே. படத்தில் அவர்கள் பதிவதில்லை. திறந்து பார்த்தபோது கூரை இருந்தது, கறை இருந்தது, வட்டம் இருந்த இடத்தில் வட்டம் இல்லாமை இருந்தது.

"மாமா, ஆச்சா?" என்றான் மைத்துனன், சோபாவின் மறுபுறம் திரும்பிப் படுத்து.

"அடித்தளம் போட்டாச்சு மாப்ள."

அடுத்த சுற்றில் அவர் கோடிடும் ஆணையைக் கண்டுபிடித்தார். எடிட் பட்டியலின் ஆழத்தில், 'ஸ்ட்ரோக் செலக்‌ஷன்' என்ற பெயரில், அது முனிவரைப்போல அமர்ந்திருந்தது. அழுத்தினார். கோடு விழுந்தது. ஆனால் முன்வண்ணம் கறுப்பாக இருந்ததை அவர் நோக்கவில்லை; ஈரத்தில் கறுத்திருந்த பழுப்புக் கறையில் கறுப்புக் கோடு மறைந்தது. வண்ணத்தைச் சிவப்பாக்கினார். கோடு விழுந்தது. ஆனால் இன்றைய கைப்பேசிப் படங்கள் ஒவ்வொன்றும் மைதானம்போலப் பெரியவை. அதில் தலைமயிர் அகலக் கோடு யார் கண்ணுக்குத் தெரியும்? கோட்டின் அகலத்தைப் பெருக்கிப் பெருக்கி, அது பேருந்துச் சக்கரத்தின் தடிமனை எட்டியதும் நிறுத்தினார். புதிய அடுக்கு ஒன்றை உண்டாக்கி அதன்மேல் வரைந்தார். இது நல்ல பழக்கம், எல்லோரும் பின்பற்றத் தக்கது, கோடு பிழையாகிவிட்டாலும் அடியிலுள்ள படம் கெடாது. திரையின் நடுவே, உதயசூரியனை நாணச் செய்யும் செவ்வட்டம் ஒன்று கசிவைச் சூழ்ந்து நின்றது.

இம்முறை பிழையில்லை. அவர் சேமித்தார். அனுப்பினார். நாற்காலியில் சாய்ந்தார். மேலிருந்து, பிளம்பரின் கைப்பேசி வழியே, குரல்பதிவு ஒன்று இறங்கி வந்தது.

"சார், ஏதோ எக்ஸ்.சி.எஃப்.-னு வந்திருக்கு சார். தொட்டா தொறக்க மாட்டேங்குது. இது படமா, பாட்டா? போன்ல சார்ஜ் வேற கம்மி. நான் ஒரு டீ குடிச்சிட்டு உடைக்க ஆரம்பிக்கறேன், அதுக்குள்ள அனுப்பிடுங்க."

சோபா குலுங்கியது. மைத்துனன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

எத்தனை மாவீரர்கள் இந்தப் படுகுழியில் வீழ்ந்திருக்கிறார்கள். கிம்ப்பில் 'சேமி' என்றால் அடுக்குகளோடு, வழித்தடங்களோடு, வரைந்தவரின் தயக்கங்களோடு எக்ஸ்.சி.எஃப். என்னும் தன் சொந்த வடிவில் மட்டுமே வைத்துக்கொள்வான். அது பட்டறைக்குள் கிடக்கும் அரைவேலை. ஊருக்கு அனுப்பும் படம் வேண்டுமென்றால் 'ஏற்றுமதி செய்' என்று கேட்க வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெயரின் கடைசியில் ஜே.பி.ஜி. என்று எழுதினால் போதும். இதைக் கட்டற்றார் அறியாதவரா? பிறருக்கு இதைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருக்கிறார். உலகில் யாருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாரோ, அவர்கள் ஒருவர்கூட கிம்ப்பைத் திறந்ததில்லை. திறக்கும் ஒரே மனிதருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

அவர் எழுந்து நின்றார். எழுந்து நின்று, சோபாவை நோக்கி, அன்றைய பிரகடனங்களில் தலைசிறந்ததை முழங்கினார்:

"மாப்ள, சிரி. நல்லா சிரி. பயன்படுத்தச் சுதந்திரம், படிக்கச் சுதந்திரம், மாத்தச் சுதந்திரம், பகிரச் சுதந்திரம். நாலும் எங்கிட்ட இருக்கு."

"வேலையை முடிக்கற சுதந்திரம் எந்தப் பதிப்புல மாமா வருது?"

வீரர் அமர்ந்தார். ஏற்றுமதி விசைகளின்மேல் விரல்கள் பரவின. அந்தக் கணத்தில், மேதைகளுக்கு மட்டுமே உரிய ஐயம் ஒன்று அவர் நெற்றியில் மின்னியது. தாம் கூரையைக் கீழிருந்து பார்க்கிறார். பிளம்பரோ அதே கான்கிரீட் தளத்தைத் தரையாக மேலிருந்து பார்க்கிறார். அண்ணாந்தவனுக்கு இடது, குனிந்தவனுக்கு வலது. கண்ணாடிச் சன்னலில் வெளிப்புறம் எழுதியதை உள்ளிருந்து படிப்பவருக்கு எழுத்து இடவலம் மாறுவதுபோல, இந்தப் படத்தை இப்படியே அனுப்பினால் பிளம்பர் எதிர்மூலை டைலை உடைப்பார். இங்கே எள்ளலை ஒரு கணம் இறக்கி வைத்துவிட்டு உண்மையைச் சொல்வோம்: இது சரியான கணிப்பு. விரலால் ஒரு சுற்றுச் சுற்றி அனுப்புகிறவர்களுக்கு இது தோன்றியிருக்காது. கட்டற்றார் படத்தை இடது வலதாகும்படி கிடைவாட்டில் புரட்டினார். இமேஜ் பட்டியலில் ட்ரான்ஸ்ஃபார்ம், அதற்குள் கிடைவாட்டுப் புரட்டல். ஆனால் புரட்டிய படத்தில் கதவு எந்தப் பக்கம் என்று பிளம்பருக்குத் தெரிய வேண்டாமா? எழுதினார். எழுதிய எழுத்துருவில் தமிழ் பெட்டி பெட்டியாக விழுந்தது. வேறு எழுத்துரு தேடினார். கிடைத்த எழுத்துருக்களில் ஒன்றின் 'க' அவருக்குப் பிடிக்கவில்லை. மற்றொன்றின் உரிமத்தில் ஒரு சொற்றொடர் அவரை உறுத்தியது; அதைப் படித்தார்.

தவத்தில் மூழ்கிய முனிவரின் சடைக்குள் குருவி கூடு கட்டினாலும் அவர் அறியார் அல்லவா? அவ்வாறே, வாசலில் அழைப்பு மணி அடித்ததும், மைத்துனன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போனதும், தாழ்ப்பாள் ஒலித்ததும், திரும்பி வந்து அவன் மீண்டும் பள்ளிகொண்டதும் அவர் செவியில் ஏறவில்லை. அவர் முன்னே 'க' ஒன்றே நின்றது.

எழுத்துருவும் வாய்த்தது. 'கதவு' என்ற சொல் வெள்ளை நிறத்தில், கரிய நிழலோடு, வலப்புறம் வீற்றிருந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ. ஜே.பி.ஜி. தூதுவன் அதைக் கைப்பேசிக்குச் சுமந்தான். கைப்பேசி அதை விண்ணில் ஏவியது. திரையில் ஒற்றைச் சரிக்குறி தோன்றியது. போய்ச் சேர்ந்ததைக் குறிக்கும் இரண்டாவது குறிக்காக அவர் காத்திருக்கவில்லை, ஏனெனில் அக்கணமே மேலே இடி இடித்தது.

டங்.

கட்டற்றார் குளியலறைக்கு ஓடினார். ஸ்டூலின் மீதேறினார். கூரையில் உள்ளங்கையை வைத்தார். டங், டங். உளியின் அதிர்வு, கறையின் மையத்திலல்ல, எதிர்மூலையிலல்ல, சொட்டும் புள்ளிக்கு நேர்மேலே, அவர் வட்டம் வரைந்த இடத்திற்கு நேர்மேலே, மணிக்கூண்டின் நாவைப்போல ஒலித்தது. ஒரே ஒரு டைல் பெயர்ந்தது. குழாய் திருகும் ஓசை கேட்டது. வாளியில் ஒரு 'டொக்', நெடிய இடைவெளி, மற்றொரு 'டொக்', பின்பு அமைதி. முழங்குக முரசங்களே, பூமாரி பொழிக விண்ணவரே, கட்டற்ற மென்பொருள் எழுதிய பெயரறியாப் பெருந்தகையீர், உலகின் எந்த மூலையில் எந்த விசைப்பலகையில் இருந்தாலும் ஒரு கணம் கையெடுத்து நெஞ்சில் வையுங்கள், நீங்கள் ஊதியமின்றி இயற்றிய வரிகளின் வலிமையால் ஒரு தரை காக்கப்பட்டது, ஒரு கூரை உலர்ந்தது, ஒரு கணவர் ஸ்டூலின்மேல் இரு கரங்களையும் உயர்த்தி நிற்கிறார்.

போன் ஒலித்தது. எடுத்தவன் மைத்துனன்.

"என்னடா ஆச்சு? எதை உடைச்சார்?"

"ஒரே டைல்தான்க்கா. கரெக்டான இடம். தண்ணி நின்னுடுச்சு."

"நெஜமாவா? உன் மாமா போட்ட வட்டமா?"

மைத்துனன் குளியலறைப் பக்கம் பார்த்தான். அங்கே ஸ்டூலின்மேல் நின்றவரின் முகத்தை, அந்த முகத்தில் ஓடிய ஒளியை, கண்ணாடி வில்லையில் காயாமல் நின்ற அந்த முதல் சொட்டை நெடுநேரம் பார்த்தான்.

"ஆமாக்கா. வட்டம் பிரமாதம்."

"சரி, கம்ப்யூட்டர் இருந்துட்டுப் போகட்டும். சாப்பிட வந்துடறேன்."

ஆட்சி நிலைத்தது. கொடி இறங்கவில்லை. கட்டற்றார் ஸ்டூலிலிருந்து இறங்கி, கூடத்திற்கு நடந்து, வெற்றி வீரர்க்கே உரிய பெருந்தன்மையோடு மைத்துனனின் தோளில் கைவைத்து, "மாப்ள, உன் போன்லயும் ரெண்டு நல்ல ஆப் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார், அவனும், தோற்றவர்க்கே உரிய பணிவோடு, போனை எடுத்து நீட்டினான்.

பிளம்பரின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனதால், அவர் படி இறங்கி வந்து, மைத்துனன் கதவைத் திறக்க, அந்த ஸ்டூல்மேல் ஏறிக் கசியும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அழைப்பு மணி அடித்த அப்போதே மேலே போயிருந்தார்.